பச்சை மட்டும்

"நீ தெலுங்கு படிச்ச பொண்ணுதானே? இதக் கொஞ்சம் பாரு, எழுத்து சரியா இருக்குதா?" என்று ஹேமாவதி அக்கா கேட்டார்.

தேர்வு எழுதப் போயிருந்த நான் அன்று காலைதான் ஸ்டூடியோவுக்குத் திரும்பியிருந்தேன். கண்ணீர் அஞ்சலி பேனர்களில் பெயரையும் தேதியையும் தமிழிலும் தெலுங்கிலும் அடிப்பது என் வேலை. நான் இல்லாதபோது வந்த ஒரு பேனருக்கு, பழைய பேனரிலிருந்த தெலுங்கு வரிகளை வெட்டி ஒட்டி அவரே ஒப்பேற்றியிருந்தார். பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு வீட்டின் மருமகள், யுவஸ்ரீ. மாடிப்படியில் தவறி விழுந்து இறந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தார்கள். திரையில் படம் கருப்பு வெள்ளையாக இருந்தது. நெற்றிப் பொட்டு மட்டும் சிவப்பு. இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள் பச்சை.

"எழுத்து சரியாத்தான் இருக்குது. வளையலுக்கு ஏங்க்கா கலர் விட்டீங்க?" என்றேன்.

"அவங்க கேட்டாங்க, விட்டேன். மாமனார் வந்திருந்தாரு, வேதாசலம்னு. 'படம் கருப்பு வெள்ளையா இருக்கட்டும்மா. பொட்டும் பச்சயும் மட்டும் கலர்ல உடு. சுமங்கலியா போனவ'ன்னாரு. பச்ச எங்க இருக்குதுன்னு தேடினேன். வளையல்தான் பச்சயா இருந்துது."

"அக்கா, அவங்க வீட்ல தெலுங்கு பேசறவங்க. அவங்களுக்குப் பச்சன்னா மஞ்சள்."

"இன்னா சொல்ற நீ?"

"மஞ்சக்காமாலையக்கூட பச்ச காமெர்லுன்னுதான் சொல்வோம். அவரு கேட்டது தாலிக்கயிற. செத்துப்போன மருமகளோட தாலின்னு வாயால சொல்ல சங்கடப்பட்டு அப்படிச் சொல்லியிருப்பாரு."

"அப்ப பச்சைக்கு இன்னா சொல்வீங்கோ?"

"ஆகு பச்ச. இலைப் பச்சை."

"நல்ல பாஷைடியம்மா. உங்க ஊட்ல மாங்கா பழுத்துதா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சிக்கறீங்கோ?"

இருவரும் சிரித்தோம். தாலிக்கயிறு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அவர் படத்தைப் பெரிதாக்கினார். கயிறு சாம்பல் நிறத்தில் புடவைக்குள் போய் மறைந்திருந்தது. அங்கிருந்து படத்தைக் கீழே நகர்த்தியவர் இடது கை அருகே நிறுத்தினார். வளையல்களுக்கு மேலே, முழங்கைக்குக் கீழே, சாம்பல் நிறத் தோலில் மங்கலான பச்சைக் கோடுகள் சில பக்கம் பக்கமாக நின்றன.

"இத வளையலோட நெழல்னு நெனச்சிக்கினு விட்டுட்டேன்," என்றார்.

"நெழலுக்குக் கலர் இருக்காதேக்கா."

"ஆங். இருக்காது." நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு அருகே போனார். "வெரலு இது. கட்டவெரலு கைக்கு அந்தாண்ட இருக்கும்."

நான் கோடுகளை எண்ணினேன். நான்கு இருந்தன.

"மொதல்ல செவந்து கெடக்கும். அப்புறம் ஊதா. பச்ச ஆவறதுக்கு ஒரு வாரம் புடிக்கும். இந்தப் படம் சொந்தக்காரங்க கல்யாணத்துல எடுத்ததுன்னு சொன்னாங்க. அப்ப அவ உயிரோட, நல்லா உக்காந்துகினு இருக்கறா. படியில உழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"பேனர் எங்கக்கா?"

"காத்தாலயே எடுத்துக்கினு போயிட்டாங்க. இந்நேரம் கட்டியிருப்பாங்க."

ஒரு காயம் பச்சையாக ஒரு வாரம் ஆகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஸ்டூடியோவில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

ஹேமாவதி அக்கா மணவூரில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டாவது முடித்த வருடமே திருத்தணிக்குக் கல்யாணமாகி வந்தார். கணவர் கஜபதி ஆட்டோ ஓட்டுகிறார். ரயிலடியிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றுவது அவர் தொழில். கிருத்திகை நாட்களில் கையில் கொஞ்சம் அதிகம் புரளும். அந்த நாட்களில் அடியும் அதிகம். குழந்தை இல்லை என்பது முதலில் காரணமாக இருந்தது. போகப் போகக் காரணம் தேவைப்படவில்லை. அக்கா வைகாசி வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வருவார். வாடிக்கையாளர் யாராவது அதைப் பார்த்து, "புது பேஷனாம்மா?" என்று கேட்டால், "ஆமாங்க, சென்னையில எல்லாரும் இதான் போட்டுக்கினு இருக்காங்க," என்பார்.

ஸ்டூடியோ முதலாளி முருகவேல் கெட்டவர் அல்ல. ஒருமுறை அக்காவின் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்குப் போய்க் களிம்பு வாங்கி வந்து மேசையில் வைத்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

ஆல்பம் ஒட்டும் வேலைக்குத்தான் அக்காவை அங்கே சேர்த்தார்கள். கம்ப்யூட்டரைப் பக்கத்திலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டார். ஒரு படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, ஒரு நிறத்தை மட்டும் விட்டு வைக்கும் வேலை அவரிடம்தான் வரும். மலையில் மொட்டை போட்ட குழந்தை என்றால் தலையில் பூசிய சந்தனம் மட்டும் மஞ்சளாக நிற்கும். காவடி எடுத்தவர் என்றால் மயிலிறகு. கல்யாண ஜோடி என்றால் பெண்ணின் கூறைப்புடவை. வளையலைப் போலப் பளபளக்கிற பொருளில் ஒரே பச்சை பல பச்சையாகத் தெரியும். அதை முழுதாகப் பிடிக்க, கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் படத்தில் வேறெங்கே அந்தச் சாயல் இருந்தாலும் அதுவும் கூடவே நின்றுவிடும். யுவஸ்ரீயின் கையில் நின்றது அப்படி நின்றதுதான்.

இறந்தவர்களின் படத்தில் பெண்ணாக இருந்தால் பொட்டு. அதிலும் ஒரு கணக்கு உண்டு. கணவன் இருக்கும்போதே போனவளுக்குத்தான் சிவப்பு. சிலர் கொண்டுவரும் படத்தில் பொட்டே இருக்காது. ஆஸ்பத்திரியில் எடுத்தது, காய்ச்சலில் படுத்திருந்தபோது எடுத்தது என்று எதையாவது நீட்டி, "பொட்டு வெச்சிக் குடும்மா, புண்ணியமாப் போவும்," என்பார்கள். அதற்காகவே அக்கா வட்டமாக ஒரு பொட்டைத் தனியாகச் செய்து வைத்திருந்தார். மணவூரிலிருந்து பள்ளிப்பட்டு வரை எத்தனையோ வீட்டுச் சுவர்களில், எத்தனையோ பெண்களின் நெற்றியில், அந்த ஒரே பொட்டு இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று முருகவேல் சலித்துக்கொண்டே இருப்பார். அதனால் வேலை முடிந்ததும் அசல் படத்தின் மேலேயே புதிய படத்தைப் பதிந்துவிடுவார் அக்கா. தனிப் பெயரில் வைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களை முதலாளி அன்றன்று மாலை அழித்துவிடுவார். அசலைக் கேட்டு யாரும் திரும்பி வந்ததில்லை.

முதல் ஆளாக வந்தவர் வள்ளிநாயகி, யுவஸ்ரீயின் அம்மா. நகரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். தமிழ் ஓரளவு பேசுவார், பதறினால் தெலுங்குதான் வரும். கட்டியிருந்த பேனரைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். உள்ளே வந்ததும் யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாக அதை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இத யாரும்மா பண்ணது?"

"நான்தாங்க," என்று அக்கா எழுந்தார்.

"இந்தக் கல்யாணத்துல நானும் இருந்தேன். என் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டா. என் எலைக்கு அவ கையாலதான் தண்ணி தெளிச்சா. நான் பாக்கலயே." வள்ளிநாயகி படத்தில் இருந்த கையை விரலால் தொட்டார். "பட்டுப்பொடவ, பூவு, வளையலு, லைட்டு, எல்லாக் கலரும் இருந்தப்போ எனக்குத் தெரியலம்மா. எல்லாத்தையும் நீ எடுத்ததுக்கு அப்புறம் தெரியுது."

அக்கா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அது ஒரு வாரத்துக் காயம் என்றும் சொன்னார்.

"கல்யாண ஆல்பத்துல தேடிட்டு வந்தேன். அதுல எல்லாப் படத்துலயும் முந்தானைய இழுத்துக் கையில சுத்திக்கினு நிக்கறா. இந்த ஒண்ணுதான் எங்க மாப்பிள போன்ல எடுத்தது. புகார் குடுத்திருக்கறேன். மொதப் படம் வேணுமாம். கலரு எடுக்கறதுக்கு முன்னால இருந்துதே, அது. அதக் குடும்மா. அது போதும் எனக்கு."

"இருக்குதுங்க, தரேன்," என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். யுவஸ்ரீ பெயரில் ஒரே ஒரு படம் இருந்தது. திறந்தார். கருப்பு வெள்ளை, சிவப்புப் பொட்டு, பச்சை. மூடிவிட்டு மறுபடி திறந்தார். அதேதான். அழித்தவை போய்ச் சேரும் இடத்தில் தேடினார். முருகவேலின் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அது மேலயே போட்டுட்டேங்க," என்றார்.

வள்ளிநாயகிக்குப் புரியவில்லை. நான்தான் தெலுங்கில் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதாக வந்தவர்கள் வேதாசலமும் அவர் மகன், யுவஸ்ரீயின் கணவன், திலீப்பும். பேனரை மடித்து எடுத்து வந்திருந்தார்கள். திலீப் வாசலிலேயே நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். புதுப் போன் ஒன்று சட்டைப் பையில் தெரிந்தது. பழையது கரும காரியத்துக்குப் போன இடத்தில் கிணற்றில் விழுந்துவிட்டதாம்.

வேதாசலம் பேனரைத் தரையில் விரித்தார். "நான் பச்ச கேட்டா, நீ அடியக் குடுத்துக்கிற. எங்க மருமவளுக்குச் செத்த அப்புறம் பச்ச குத்தி உட்டுட்டியாம்மா?"

"நான் எதுவும் வைக்கலிங்க. கலர எடுத்தேன், அவ்ளோதான். எடுத்ததுல மிச்சமா நின்னது அது."

"எங்க அந்த மொதப் படம்? காட்டு. காட்டிட்டு அப்புறம் பேசு."

"உங்க புள்ள போன்ல இருந்துதுங்களே."

"இருந்துது. இப்ப இல்ல. உங்கிட்டயும் இல்ல. அப்ப இத வரைஞ்சவ நீதான்."

முருகவேல் நடுவில் வந்தார். வேதாசலத்தை உட்காரச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு அக்காவைப் பின்னறைக்கு அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசினார். கதவு இல்லாத அறை அது.

"கம்ப்யூட்டர் தப்பாயிட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு ஹேமா. போன உசுரு திரும்பியா வரப்போவுது?"

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலிங்களே."

"தெரியுது. சொன்னா இன்னா கொறஞ்சிபுடுவ?"

"சொல்லிட்டா அந்தக் கையி நல்ல கையின்னு ஆயிடுங்க," என்றார் அக்கா.

அன்றிலிருந்து அவர் யாருக்கும் பொட்டு வைத்துக் கொடுக்கவில்லை. படத்தில் இல்லாததை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாயை இழந்த ஒருவர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். அசல்களைத் தனித்தனிப் பெயரில் பதியவும் அக்கா தொடங்கினார். மாலையில் கணவர் ஆட்டோவை ஸ்டூடியோ வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தால், கையிலிருக்கும் வேலை பத்திரமாகப் பதிந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவார்.

வள்ளிநாயகி கொடுத்த புகாருக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸில் நடந்த விசாரணைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். வள்ளிநாயகி தெலுங்கில் சொல்வதைத் தமிழில் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். அக்கா கஜபதியின் ஆட்டோவில் வந்தார். கஜபதி வெளியில் நிற்கவில்லை. உள்ளே வந்து கதவோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பார்க்கிறவர்களுக்குப் பாந்தமான மனிதர்.

விசாரித்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். அவர் பேசியதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"படங்கள்ல நீங்க கலர் சேர்த்ததே இல்லையாம்மா?"

"சேத்திருக்கேங்க. பொட்டு வெச்சிருக்கேன்."

வேதாசலத்தின் பக்கத்து ஆள் ஒருவர் போனைத் திறந்து காட்டினார். ஊர் ஊராகப் போய்ச் சுவர்களில் இருந்த அஞ்சலிப் படங்களை எடுத்து வந்திருந்தார். வேறு வேறு முகங்கள். எல்லா நெற்றியிலும் ஒரே பொட்டு, ஒரே வட்டம், ஒரே சிவப்பு.

"இதெல்லாம் நீங்க வெச்சதா?"

"ஆமாங்க."

"யுவஸ்ரீ படத்துல?"

"அதுல இருக்கறது அவ பொட்டுங்க. நான் வைக்கல. கையில இருக்கறதும் அவளுதுதான்."

"அது காயம்னு எப்படிச் சொல்றீங்க? ஒரு வாரத்துக் காயம்னு இந்த அம்மாகிட்ட சொன்னீங்களாமே. அது எப்படித் தெரியும்?"

வள்ளிநாயகி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அந்தத் தாய்க்கு மிச்சமிருந்தது இந்த ஒரு பதில்தான். படத்துக்கு அசல் இல்லை. ஆனால் ஒரு காயம் எந்த நாளில் எந்த நிறத்தில் இருக்கும் என்று தன் உடம்பிலிருந்தே சொல்லக்கூடியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே இழுத்திருந்தால் போதும்.

அக்கா கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர் பட்ட பாடு கழுத்தில் தெரிந்தது. புடவைத் தலைப்பை எடுத்து இரண்டு மணிக்கட்டுகளையும் மூடிக்கொண்டார்.

"சும்மா சொன்னேங்க," என்றார். "யாரோ சொல்லக் கேட்டது."

விசாரித்தவர் அதை எழுதிக்கொண்டார்.

வள்ளிநாயகி எழுந்து அக்காவின் அருகே வந்தார். மிக மெல்லிய குரலில், "நுவ்வு கூடனாம்மா?" என்றார். நீயுமா அம்மா என்று அர்த்தம். கைவிட்டதை நினைத்துக் கேட்டாரா, அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அன்று அவர் பேசியவற்றில் அதை மட்டும் யாரும் தமிழில் சொல்லச் சொல்லவில்லை. அக்காவும் இதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்கவில்லை.

தவறி விழுந்த சாவு என்று விசாரணை முடிந்தது. வேதாசலம் வேறு கடையில் புதிய பேனர் அடித்தார். அதில் தாலிக்கயிறு மஞ்சளாக இருந்தது. கைகள் படத்தில் வரவில்லை.

ஆட்டோ நிறுத்தத்தில் கஜபதியைச் சும்மா விடவில்லை. "என்னா கஜா, ஊட்டுக்காரம்மா கம்ப்யூட்டர்லயே பச்ச குத்துதாமே? நமக்கும் கையில ஒரு தேள் குத்தச் சொல்லேன்," என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அவர் அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் அக்கா வேலைக்கு வருவது தாமதமாகும். பிறகு ஒரு வாரம் வரவேயில்லை. வந்தபோது, கணவர் ஆட்டோவை விற்றுவிட்டார், ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம் வேலை தேடிக்கொண்டுவிட்டார், வீடும் பார்த்தாகிவிட்டது என்றார். தனக்கு ஒரு சொல் தெலுங்கு தெரியாது என்பதை மட்டும் சிரித்துக்கொண்டு சொன்னார். "பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாத ஊர்ல போய்க் குடித்தனம் பண்ணப்போறேன்."

இப்போது அவர் எண்ணுக்கு அழைத்தால் கஜபதிதான் எடுக்கிறார். "வேலையா இருக்கறாம்மா," என்கிறார். மரியாதையாகத்தான் பேசுகிறார். இரண்டாம் முறை அழைத்தால் "தூங்கறா" என்கிறார். அக்காவின் குரலைக் கேட்டு மாதங்கள் ஆகின்றன. அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் சொல்லி நான் எடுத்த படம் பத்திரமாக இருக்கிறது. ஒரே இடத்தில் இல்லை, ஒரே பெயரிலும் இல்லை.

அவர் ஸ்டூடியோவில் இருந்த கடைசி நாள் அது. மதியம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் மொட்டைக் குழந்தையைப் படம் எடுத்துக்கொண்டு அப்போதுதான் போயிருந்தது. விளக்குகள் இன்னும் அணைக்கப்படவில்லை. அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். குழந்தை உட்கார்ந்திருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைப் பிய்த்து ஸ்டூலின் காலில் ஒட்டினார். பிறகு முழுக்கை ரவிக்கையின் ஊக்கைக் கழற்றி, வலது கையைத் தோள் வரைக்கும் மெதுவாகச் சுருட்டினார். எல்லா நிறங்களும் அங்கே இருந்தன.

"என்னிய ஒரு போட்டோ எடு கண்ணு," என்றார். "லைட்ட இன்னும் கொஞ்சம் கிட்ட வெய்யி. எடுத்து உங்கிட்டயே வெச்சிக்கோ. என்னிக்காவது எங்க ஊட்டுக்காரரு வந்து அஞ்சலிக்குப் படம் கேட்டா இதத்தான் குடுக்கணும். கருப்பு வெள்ளையா மாத்தாத. ஒண்ணும் வைக்காத, பொட்டுகூட வேணாம். ஒண்ணும் எடுக்காத."